கல்வியும் கண்மூடி நம்பிக்கையும்

சேலம் என்றதும் வாசகர்களுக்குத் தமிழ்நாட்டு மாம்பழம் நினைவுக்கு வரலாம். நாம் கூறப்புகுவது அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் பகுதியிலுள்ள சேலத்தைப்பற்றி. அங்கே 1692ஆம் ஆண்டில், சூனியம் செய்தனர் என்று 14 பெண்களும் 5 ஆண்களும் தூக்கிலிடப்பட்டனர். அவர்களை எரித்தனர் என்று பலர் கருதுவது பிழை.

மூடநம்பிக்கை எழுத்தறியாதவர் சொத்து என்றோர் எண்ணம், ஆங்கிலப் பள்ளியில் பயின்று தோட்டத்துக் காரியாலயங்களில் பேனா பிடிக்கும் நம்போன்ற கிராணிகளிடம் ஊறிக் கிடக்கிறது. லயத்து மூதாட்டி பேரனுக்குக் கண்ணேறு கழித்தால் நாம் நகைக்கிறோம். சேலத்தின் வரலாறோ அந்நகைப்புக்கு இடங்கொடுப்பதில்லை. அங்கே தூக்குக் கயிறு கற்றவர் கையிலன்றோ இருந்தது!

இங்கிலாந்துத் திருச்சபையைத் தூய்மை செய்ய விழைந்தவர் பியூரிட்டன்மார். 1630 முதல் அவர்கள் பெருந்திரளாக மாசச்சூசெட்ஸில் குடியேறினர். வேதத்தை ஒவ்வொருவரும் தாமே படித்தறிய வேண்டுமென்பது அவர்கள் கொள்கை. 1636இலேயே ஹார்வர்டு கல்லூரியைத் தோற்றுவித்தனர். 50 குடும்பங்களுள்ள ஊர் ஒவ்வொன்றும் எழுத்துக் கற்பிக்க ஆசிரியரை அமர்த்த வேண்டுமென்று 1647இல் சட்டம் செய்தனர். அச்சட்டம் கூறிய காரணம் யாது? மக்கள் வேதமறியாதபடி தடுப்பது சாத்தானின் சூழ்ச்சி என்பதே. பள்ளிக்கூடமும் சாத்தானும் ஒரே சட்டத்தில் இடம்பெற்றமை காண்க.

கடவுளோடு தாங்கள் உடன்படிக்கை செய்துகொண்ட மக்கள் என்று அவர்கள் நம்பினர். ஆகவே பயிர் கெட்டாலும் குழந்தை மாண்டாலும், அது கடவுளின் சினமோ சாத்தானின் வேலையோ என்று ஆராய்வர். எல்லையில் போரும் உயிர்ச்சேதமும் மலிந்த அக்காலத்தில், சேலம் கிராமத்துக் குருவாகிய சாமுவேல் பாரிஸின் வீட்டில் 9 வயது மகளும் 11 வயது உறவுப்பெண்ணும் உடல் முறுக்கி அலறத் தொடங்கினர். முதலில் பழிக்கப்பட்டவர் மூவர்: டிட்டுபா என்னும் அடிமைப்பெண், பிச்சையெடுத்துத் திரிந்த சாரா குட், நோயுற்றிருந்த சாரா ஆஸ்பர்ன். துணையற்றவர்மீதே பழி முதலில் விழுந்தது. பின்னர் அது நல்ல குடும்பத்தாரையும் பற்றிக்கொண்டது.

நியாயாதிபதிகளின் தலைவர் வில்லியம் ஸ்டோட்டன் ஹார்வர்டில் பயின்றவர். அவருடைய மன்றம் ஏற்ற சாட்சியோ விந்தையானது. "இவளுடைய ஆவியுருவம் வந்து என்னைக் கிள்ளிற்று" என்று குற்றஞ்சாட்டுவோர் கூறுவர். அவ்வுருவம் அவர்கள் கண்ணுக்கு மட்டுமே புலப்படும். அந்நேரத்தில் தன் வீட்டில் உறங்கியவள் இதை எங்ஙனம் மறுப்பாள்? 71 வயதான ரெபெக்கா நர்ஸ் குற்றமற்றவர் என்றே ஜூரிகள் முதலில் தீர்ப்பளித்தனர். மீண்டும் ஆலோசிக்கும்படி அவர்களைத் திருப்பியனுப்பியது மன்றம். ஜூலை 19இல் அம்மூதாட்டி தூக்கிலேறினார்.

இன்னொரு கொடுமையும் உண்டு. "ஆம், யான் சூனியக்காரியே" என்று பொய்யாக ஒப்புக்கொண்டு அதிலேயே நின்றவர் எவரும் தூக்கிலிடப்படவில்லை. "பொய் சொல்லமாட்டேன்" என்று நின்றவரே மாண்டனர். பொய்யை வெறுத்துப் போதித்த சமூகத்தில் பொய்யே உயிரைக் காத்தது.

கணக்கெழுதிப் பிழைக்கும் நம்மை மிகவும் உறுத்தியது சிறைச்செலவு. கைதிகள் தாம் உண்ட உணவுக்கும் தம்மைப் பிணித்த விலங்குக்கும் தாமே பணம் கட்டவேண்டும். குற்றமற்றவர் என்று விடப்பட்டவரும் பாக்கி தீர்த்தாலன்றி வெளியேற இயலாது. விலங்கின் விலையைப் பிழையின்றிப் பதிந்தனர். அது பூட்டப்பட்ட காரணம் மெய்யா என்று வினவவில்லை.

இக்கொடுமை எங்ஙனம் நின்றது? அவர்கள் சாத்தானை நம்புவதை விட்டுவிட்டார்களா? இல்லை. 1692 அக்டோபரில், அப்போது ஹார்வர்டின் தலைவராயிருந்த குரு இன்கிரீஸ் மேதர், சூனியம் உண்டென்றே கொண்டபோதிலும், ஆவியுருவச் சாட்சி மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்கப் போதாதென்று வாதித்தார். அம்மாதமே தேசாதிபதி பிப்ஸ் அம்மன்றத்தைக் கலைத்தார். 1693 ஜனவரியில் கூடிய புதிய மன்றம் அவ்வகைச் சாட்சியை ஒதுக்கிற்று. பெரும்பாலோர் விடுதலையாயினர். தண்டிக்கப்பட்டோரும் தூக்கினின்று தப்பினர். மக்கள் அவர்களே, மதமும் அதுவே. சாட்சியைப்பற்றிய விதி ஒன்றே மாறிற்று. அம்மாற்றம் உயிர்களைக் காத்தது.

நியாயாதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சீவால் 1697இல் பாஸ்டன் தேவாலயத்தில் எழுந்துநின்று, சபையறியப் பழியை ஏற்றார். 1711இல் பலருடைய தண்டனை நீக்கப்பெற்று நஷ்டஈடும் வழங்கப்பட்டது. 1693இல் தண்டிக்கப்பட்ட எலிசபெத் ஜான்சன் என்பவளின் பெயரோ விடுபட்டே கிடந்தது. அவளைக் குற்றமற்றவளென்று மாசச்சூசெட்ஸ் சட்டமன்றம் 2022இல் தான் அறிவித்தது. அதற்காகப் பழைய ஏடுகளை ஆராய்ந்து முயன்றவர்கள் ஒரு நடுநிலைப்பள்ளியின் பிள்ளைகள்.

சாத்தானுக்கு அஞ்சிப் பள்ளி கட்டிய நாட்டில், பள்ளிப்பிள்ளைகளே அவ்வச்சத்தின் கடைசிப் பழியைத் துடைத்தனர். லயத்திலோ நகரத்திலோ ஒருத்தியைப்பற்றிப் பழிச்சொல் எழும்போது, "இதைக் கண்டவர் யார்? மற்றவர் கண்ணுக்கும் அது புலப்படுமா?" என்று கேட்பார் ஒருவரேனும் இருத்தல் வேண்டும். அவர் எழுத்தறியாத மூதாட்டியாயினும், நம் கருத்தில் அவரே கற்றவர்.