விடைக்குறிப்பு

பன்னிரண்டு வருடமாகக் கணக்கு வாத்தியார். இதுவரை யார் முகத்தையும் பார்த்து மார்க் போட்டதில்லை. தாளாளரின் உறவுக்காரப் பையனுக்கு நாலு மார்க் கூட்டிப் போடச் சொல்லி ஆள் வந்தபோது, "மார்க் என் சொத்து இல்ல சார், அவன் எழுதினதுக்கு உள்ளது" என்று திருப்பி அனுப்பியவன். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

பதினொன்றாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு. ஒன்றிலிருந்து வரிசையாக எத்தனை ஒற்றை எண்களைக் கூட்டினாலும் அந்த எண்ணிக்கையின் வர்க்கம்தான் வரும், நிரூபி என்று ஒரு கேள்வி. ஐந்து மார்க். நான் எதிர்பார்த்தது கணிதத் தொகுத்தறிதல் முறை. ஒரு பையன் வரிசையை நேராக எழுதி, அதற்குக் கீழே அதையே தலைகீழாக எழுதியிருந்தான். மேலும் கீழும் கூட்டினால் எல்லா ஜோடியும் ஒரே தொகை. பெருக்கி, பாதியாக்கி, நாலே வரியில் முடித்துவிட்டான். அழகான வழி. இரண்டு மார்க் போட்டேன்.

தாளைக் கொடுத்த அன்று எழுந்து நின்றான். "சார், தொகுத்தறிதல்லதான் செய்யணும்னு கேள்வியில போடலையே?" மரியாதையாகத்தான் கேட்டான். பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"விடைக்குறிப்புல என்ன இருக்கோ அதுக்குத்தான் மார்க். உட்காரு."

விடைக்குறிப்பை எழுதியதே நான்தான். அது அவனுக்குத் தெரியாது.

ஒழுங்கில்லாத வாத்தியாராக இருந்திருந்தால் "சரி, கொண்டா" என்று மூன்று மார்க்கைப் போட்டுவிட்டுப் போயிருப்பேன். என்னிடம் விதி இருந்தது. பன்னிரண்டு வருட நேர்மை இருந்தது. அத்தனையும் என் பக்கம் நின்று அந்தப் பையனை உட்கார வைத்தன.

அன்று இரவு விசுவாமித்திரர் ஞாபகம் வந்தார். மேனகையை வைத்துத்தான் அவரை எல்லோரும் கிண்டல் செய்வோம். வால்மீகியில் படித்தால் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது. வசிஷ்டரின் பசுவைக் கேட்கிறார், கிடைக்கவில்லை. படையும் அஸ்திரங்களும் அவர் முன் தோற்கின்றன. அந்த அவமானத்தில்தான் தவமே ஆரம்பம். ரம்பையை அனுப்பியது இந்திரன். கல்லாகப் போ என்று இவர் சபித்ததோ ரம்பையை. சேர்த்த தவம் அந்தக் கோபத்தில் போகிறது. திரும்பவும் உட்காருகிறார். அப்பேர்ப்பட்ட உழைப்பாளி! கடைசியில் பிரம்மனே வந்து பட்டம் கொடுத்தும் போதவில்லை, வசிஷ்டர் வாயால் வர வேண்டும். சின்ன வயதில் இது பெரிய வெற்றிக் கதையாகத் தெரிந்தது. இப்போது ரம்பையைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் திருத்திவிடலாம் என்று தாளைக் கேட்டு வாங்கினேன். சிவப்புப் பேனாவை எடுத்தேன். மதிப்பெண் பட்டியல் அலுவலகத்துக்குப் போய்விட்டது, இனி மாற்ற முடியாது என்று ஒரு விதி சட்டென்று நினைவுக்கு வந்தது. உண்மையில் ஒரு கடிதம் கொடுத்தால் மாற்றலாம். கொடுக்கவில்லை.

ஆண்டுத் தேர்வில் அந்தப் பையன் எல்லாக் கணக்கையும் விடைக்குறிப்பில் இருந்தபடியே செய்திருந்தான். வரிக்கு வரி. முழு மார்க் போட்டேன்.