கேள்வியைப் படிக்காமல் விடை எழுதிய டீச்சர்



இரண்டு மாதமாக ஏன் எதுவும் எழுதவில்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். உடம்பு சரியில்லை. என்ன நோய் என்று சொல்லக் கூச்சம். அந்தக் கூச்சம்தான் என்னை ஆஸ்பத்திரிப் படுக்கை வரை கொண்டுபோனது. அதனால் இன்று சொல்லிவிடுகிறேன்.

எனக்கு 9 வருடமாகப் பெருங்குடல் அழற்சி நோய். டாக்டர்கள் 'அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்' என்பார்கள். மெசாலமின் மாத்திரையில் அடங்கிக் கிடக்கும். எப்போதாவது தலைதூக்கினால் வயிற்றுப்போக்கு, ரத்தம், வலி.

ஐப்பசியில் ஒரு பல் பிடுங்கினேன். 5 நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். இரண்டு வாரத்தில் வயிற்றுப்போக்கு ஆரம்பித்து, ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்கு மேல் போனது. பழைய நோய்தான் என்று நானே முடிவு கட்டினேன். பீரோவில் மிச்சமிருந்த ஸ்டீராய்டு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். மகளிடம்கூடச் சொல்லவில்லை. நான்காம் நாள் காய்ச்சல் வந்துவிட்டது.

போக்கை நிறுத்த மாத்திரை வாங்க மெடிக்கலுக்குப் போனேன். கடையில் என் பழைய மாணவன். "டீச்சர், ரத்தம் போகுதா? காய்ச்சல் இருக்கா? அப்ப இந்த மாத்திரை தர மாட்டேன். உடனே டாக்டரைப் பாருங்க" என்றான். எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தவன் எனக்குப் பாடம் நடத்துகிறானே என்று கோபம் வந்தது. அவனே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டான்.

டாக்டர் முதலில் மலப் பரிசோதனைக்குத்தான் எழுதினார். 'க்ளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில்' என்ற கிருமி என்று வந்தது. ஆன்டிபயாடிக் குடலில் உள்ள நல்ல கிருமிகளையும் அழித்துவிடும். அந்த இடத்தில் இது பெருகி நஞ்சைக் கக்கும். எங்களைப் போன்ற குடல் நோயாளிகளுக்கு இது வர வாய்ப்பு அதிகமாம். அறிகுறி அப்படியே பழைய நோய் மாதிரியே இருக்கும். நானோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ஸ்டீராய்டைப் போட்டுக் கிருமிக்கு வழிவிட்டிருக்கிறேன்! வாய்வழி வான்கோமைசின், நாளுக்கு 4 வேளை, 10 நாள் கொடுத்தார்கள். பிழைத்தேன்.

'கேள்வியை முழுசாகப் படிக்காமல் விடை எழுதாதே' என்று உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! நானே அதைத்தான் செய்தேன்.

உங்கள் வீட்டிலும் இந்த நோய் உள்ளவர்கள் இருக்கலாம். அவர்களுக்காக நான்கு வார்த்தை:

1. போக்கு திடீரென்று கூடினால், பழைய நோய் என்று நினைக்கும் முன் மலப் பரிசோதனை செய்யுங்கள். சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

2. ஸ்டீராய்டை நீங்களாகத் தொடங்காதீர்கள். நெடுநாள் சாப்பிடுபவர்கள் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

3. பல் டாக்டரானாலும் சரி, யாரானாலும் சரி, உங்கள் குடல் நோயை முதலிலேயே சொல்லுங்கள். வலி மாத்திரையையும் கேட்காமல் போடாதீர்கள். சில மாத்திரைகள் குடலுக்கு ஆகாது.

4. இந்தக் கிருமியின் வித்துகள் சானிடைசருக்குச் சாகாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கை கழுவுங்கள்.

மலம் என்று சொல்ல வெட்கப்பட்டு உயிரை விட்டுவிடாதீர்கள், கண்ணுகளா.

இப்போது நலமாக இருக்கிறேன். மோர் சாதம் இறங்குகிறது. அந்தக் கடைசி பெஞ்சுக்காரனுக்கு நூற்றுக்கு நூறு போட்டாயிற்று.

ஆசிகளுடன்,
உங்கள் டீச்சர்