திருச்சாளக்கிராமத்தில் பனியும் பாதமும்

நேபாள நாட்டில், அன்னபூர்ணா மலைத்தொடருக்கு வடக்கே, ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது முக்திநாத். 108 திவ்ய தேசங்களுள் திருச்சாளக்கிராமம் எனப் போற்றப்படும் இத்தலத்தைப் பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்துள்ளனர். இப்பகுதியில் பாயும் காளி கண்டகி நதியில்தான் சாளக்கிராமக் கற்கள் கிடைக்கின்றன.

பொக்காராவிலிருந்து ஜோம்சோம் வரை விமானத்திலும், அங்கிருந்து ஜீப்பிலும் சென்று, கடைசிச் சிறு தூரத்தை நடந்தோ குதிரையிலோ கடக்கின்றனர் பக்தர்கள். சந்நிதியின் பின்புறம் அரைவட்டமாக 108 தாரைகள் விழுகின்றன. அவற்றின் கீழ் நனைந்தபடியே ஓடி, சந்நிதி முன்புள்ள இரு குளங்களிலும் மூழ்கி எழுந்து, பெருமானைச் சேவிப்பது மரபு. குளிர்காலத்தில் தாரைகளைச் சுற்றியுள்ள தரை பனிக்கட்டியாக உறைந்துவிடும். நீராடும் சில நிமிடங்களைவிட, ஈரக் காலோடு அப்பனியில் நெடுநேரம் நிற்பதே ஆபத்தானது.

அந்த ஆபத்தின் பெயர் பனிக்கடி. இத்தலத்துக்குக் கிழக்கே 5,416 மீட்டர் உயரத்தில் தொரோங் லா என்னும் கணவாய் உள்ளது. 2014 அக்டோபரில் அவ்வட்டாரத்தில் வீசிய பனிப்புயலில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பனிக்கடியால் கை, கால் பாதிக்கப்பட்டோர் ஹெலிகாப்டர்களில் மீட்கப்பட்டுச் சிகிச்சை பெற்றனர்.

கடுங்குளிரில் விரல் நுனிகளுக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. திசுக்களில் பனித்துகள்கள் உருவாகின்றன. முதலில் வலி, பிறகு மரத்துப்போதல். தோல் வெளுத்து மெழுகுபோல் கெட்டியாகும். வலி நின்றதை நலமென்று கருதிவிடலாகாது. நீரிழிவால் பாத உணர்வு குன்றிய முதியோர்க்கு முதல் வலியே தெரியாமற் போகலாம்.

இந்நிலையில் பனியாலோ கையாலோ தேய்ப்பது திசுவை மேலும் கிழிக்கும். நெருப்பில் காட்டினால், உணர்வற்ற தோல் வெந்துவிடும். 37 முதல் 39 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்புள்ள நீரில், தோல் சிவந்து இளகும்வரை, ஏறத்தாழ அரைமணி நேரம் அமிழ்த்துவதே முறை. நீரின் சூட்டைப் பாதிக்கப்படாத கையால் சோதிக்க வேண்டும். மீண்டும் உறைய வாய்ப்புள்ள இடத்தில் இளக்கக் கூடாது. இளகி மீண்டும் உறையும் திசு முன்னிலும் மோசமாகச் சிதையும்.

மருத்துவமனையில் வலிநீக்கியும் கொப்புளப் பராமரிப்பும் அளிக்கின்றனர். பாதிப்பு ஆழமாயின், இளகிய 24 மணி நேரத்துக்குள் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைத் தகுதியுள்ளோர்க்குச் செலுத்துவது விரல்களைக் காக்கக்கூடும். ஆகவே தாமதமின்றிக் கீழிறங்குவது அவசியம்.

அறுவை சிகிச்சையிலோ பொறுமையே விதி. விரல் கறுத்ததைக் கண்டு உறவினர் பதறினாலும், கடுமையான தொற்று போன்ற அவசரம் இல்லாதபோது மருத்துவர் உடனே விரலை அகற்றுவதில்லை. உயிருள்ள பகுதிக்கும் இறந்த பகுதிக்கும் இடையே எல்லைக்கோடு தெளிய ஒன்று முதல் மூன்று மாதங்கள் வரை ஆகலாம். கறுத்த தோலின் கீழே உயிருள்ள திசு பிழைத்திருப்பதும் உண்டு.

யாத்திரை செல்வோர் உலர்ந்த துண்டு, இரண்டு இணைக் கம்பளிக் காலுறை, இறுக்கமற்ற காலணி ஆகியவற்றைக் கட்டாயம் எடுத்துச் செல்லுதல் நன்று. நீராடியதும் விரலிடுக்குகளைத் துடைத்து, கால்களை உடன்வருவோரிடம் காட்டிப் பார்க்கச் சொல்லலாம். உடல் தளர்ந்தோர் தீர்த்தத்தைச் சிரசில் புரோக்ஷித்துக் கொள்வதையும் சாஸ்திரம் ஏற்கிறது. திருவடியை நாடிச் செல்வோர் தம் பாதங்களையும் பேணிச் சென்று, நலமுடன் இல்லம் திரும்ப முக்திநாதன் அருள்வானாக.