ஜீரோன்னா ஜெயம்னு நம்பினேன்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு. கொஞ்சம் டெக்னிக்கல், கொஞ்சம் சொந்தக் கதை. பொறுத்துக்கோங்க மக்கா.

அப்பாவுக்குக் கடைசி காலத்துல கம்ப்யூட்டர் பழக்கி விட்டேன். ஊர் நினைவுகளைக் குட்டிக் குட்டிக் குறிப்புகளா திஸ்கியில தட்டி வைப்பார். மொத்தம் 63. அவர் போனப்புறம், 2008-ல, எல்லாத்தையும் யூனிகோடுக்கு மாத்தலாம்னு சி-யில ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். கூடவே ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்: மாத்தினதை பென் டிரைவ்ல எழுது, சரியா முடிஞ்சா பழைய ஃபைலை அழி. ஓடி முடிஞ்சது. ஒரு எரர் இல்லை. நிம்மதியா தூங்கினேன்.

மறுநாள் திறந்து பார்த்தா கடைசி 11 ஃபைலும் ஜீரோ பைட்!

திஸ்கியில ஒரு குறிக்கு ஒரு பைட். யுடிஎஃப்-8-ல தமிழுக்கு மூணு. ஏற்கெனவே கல்யாண ஃபோட்டோவா ரொம்பிக் கிடந்த பென் டிரைவ்ல இடம் தீர்ந்து போச்சு. சரி, என் புரோகிராம் ஏன் வாயே திறக்கலை?

விஷயம் இங்கேதான். அவுட்புட் ஃபைலுக்குப் போகும்போது பிரின்ட்எஃப் உடனே டிஸ்க்குக்கு அனுப்பாது. மெமரியில ஒரு பஃபர்ல சேர்த்து வைக்கும். தபால் பெட்டியில போட்ட மாதிரி. போட்டாச்சுன்னா போய்ச் சேர்ந்தாச்சுன்னு அர்த்தமில்லை. அப்பாவோட குறிப்புகள் சின்னது, முழுசும் பஃபருக்குள்ளேயே அடங்கிடுச்சு. மெயின் முடிஞ்சு வெளியே போறப்பதான் நிஜமா எழுதவே முயற்சி நடந்தது. "இடமில்லை"ன்னு கெர்னல் சொன்னதைக் கேட்க ஆளில்லை. நான்தான் ரிட்டர்ன் 0 போட்டுட்டேனே! ஜீரோன்னா எல்லாம் சுபம். ஸ்கிரிப்ட் அதை நம்பி அழிச்சிடுச்சு.

கேட், எல்எஸ் மாதிரி குனு கோர்யுடில்ஸ் கருவிகள் இப்படி ஏமாறாது. வெளியேறும்போது ஸ்டாண்டர்ட் அவுட்புட்டைத் தானே மூடிப் பார்க்கும். எழுத முடியலைன்னா எரர் சொல்லிட்டு, ஜீரோ இல்லாத எண்ணோட முடியும். நாமளும் அதைத்தான் செய்யணும். நடுவுல தப்பு நடந்ததான்னு எஃப்எரர் போட்டுக் கேளுங்க. கடைசியில எஃப்குளோஸ் என்ன பதில் சொல்லுதுன்னு பாருங்க. மொத்தம் நாலு வரி.

சோதிக்கவும் வழி இருக்கு. லினக்ஸ்ல /டெவ்/ஃபுல்னு ஒண்ணு உண்டு. என்ன எழுதினாலும் இடமில்லைன்னுதான் சொல்லும். உங்க அவுட்புட்டை அங்கே திருப்பி விட்டு, எக்ஸிட் கோடைப் பாருங்க. 0 வந்தா, உங்க புரோகிராமும் பொய் சொல்லுது.

அழிஞ்சதை மீட்கப் பார்த்தேன், முடியலை. அந்த 11-ல நாலை அப்பா அத்தைக்கு மெயில்ல அனுப்பியிருந்தார், கிடைச்சது. மிச்சம் ஏழு போனது போனதுதான். அதுல ஒண்ணு எங்க வீட்டுக் கிணறு வெட்டின கதை. ஃபைல் பேரு மட்டும் இன்னும் இருக்கு: "கிணறு". ஜீரோ பைட். அதை மட்டும் அழிக்க மனசு வரலை.

டிஸ்கி: புதுசைத் திறந்து பார்க்காம பழசை அழிக்கச் சொன்னது நான்தான். அதுக்கு சி-யைத் திட்டிப் பிரயோஜனமில்லை.