அடுத்த வீட்டு மழைமானி

"சார், மழை விட்டுருச்சு போல" என்றான் பக்கத்து மேசைத் தம்பி. இரவு மணி 12:05. மாவட்டத் தலைநகரிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு சிற்றூர். அங்கே ஒரு மாடி வீட்டுக்காரர் சொந்தச் செலவில் வைத்திருக்கும் வானிலை நிலையத்தைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து நிமிடம் முன்பு வரை 118 மி.மீ. காட்டியது, இப்போது 3 மி.மீ. என்றது. எங்கள் ஜன்னலுக்கு வெளியேயும் தூறல் அடங்கியிருந்தது. நானும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். 12:40-க்கு எங்கள் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணில் மணி அடித்தது. அதே ஊரிலிருந்து ஒரு பெண். வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது, பிள்ளைகளோடு கட்டிலில் ஏறி உட்கார்ந்திருக்கிறோம் என்றார்.

மழை விடவே இல்லை. நள்ளிரவானதும் அந்த நிலையம் பழைய கணக்கை மூடிப் புதுக் கணக்கு தொடங்கியிருந்தது. அரசாங்க மழைக்கு ஒரு நாள் என்பது காலை 8:30 முதல் மறுநாள் காலை 8:30 வரை. மாடி வீட்டு மழைக்கு நாள் நள்ளிரவில் பிறக்கிறது. கொஞ்சம் யோசித்திருந்தால் அந்த 3 மி.மீட்டரே காட்டிக் கொடுத்திருக்கும். ஐந்து நிமிடத்தில் 3 மி.மீ. என்றால் மணிக்கு 36 மி.மீ. வேகம், கொட்டுகிற மழை. நல்லவேளை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஒரு தெரு முழங்கால் தண்ணீரில் நின்றது, மக்கள் தங்கப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட முப்பத்தைந்து நிமிடம் தாமதமானது. கருவி சரியாகத்தான் சொன்னது. படிக்கத் தெரியாதவன் நான்.

வருவாய்த் துறையில் பத்தொன்பது ஆண்டு, அதில் பாதிக்கு மேல் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைகளில் போயிற்று. மாவட்டத்துக்கு 1077, மாநிலத்துக்கு 1070. மாநில அறை சென்னை எழிலகத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் எங்கள் வேதம் நுங்கம்பாக்கத்து வானிலை மையத்தின் அறிக்கைதான். அதை வைத்துத்தான் கலெக்டர் பள்ளிக்கு விடுமுறை விடுவார், மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்பார். நாளைக்கு ஒரு விசாரணை வந்தால் கோப்பில் நிற்கப்போவதும் அந்தத் தாள்தான். அதற்கு மாற்று வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்தத் தாளில் இல்லாத ஒன்று வேண்டியிருந்தது: இந்த மணி நேரத்தில், இந்த ஏரியின் நீர்ப்பிடிப்பில், எவ்வளவு பெய்கிறது?

2023 டிசம்பர் தென் மாவட்ட வெள்ளத்தை எடுத்துக்கொள்வோம். 18-ஆம் தேதி காலை 8:30-க்கு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ. வானிலைத் துறையின் மழை வகைகளில் உச்சப் படி 204.5 மி.மீ.-இல் தொடங்குகிறது. அதற்கு மேல் படியே கிடையாது. 21 செ.மீட்டரும் 95 செ.மீட்டரும் ஒரே அதி கனமழை, ஒரே சிவப்பு. 200 சதுர சென்டிமீட்டர் வாயுள்ள மழைமானியில் 95 செ.மீ. மழையைப் பிடித்தால் 19 லிட்டர் தண்ணீர். ஒரு குடம் நிரம்பி வழியும். எச்சரிக்கை எப்போது வந்தது, போதுமான அளவு வந்ததா என்று சென்னையும் டெல்லியும் பிறகு பல நாள் வாக்குவாதம் செய்தன. என்னைக் கேட்டால் அந்தச் சண்டை பாதி வழியில் நின்றுபோன சண்டை. சிவப்பு என்று சொல்லியாகிவிட்டது, சரி. 20 செ.மீட்டரைத் தாண்டிவிட்டது, இன்னும் நிற்கவில்லை என்று முன்னிரவிலேயே ஸ்ரீவைகுண்டம் பக்கம் யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்? திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் சுமார் 800 பயணிகளோடு அந்த இரவு ஸ்ரீவைகுண்டத்தில்தான் நின்றது.

அதற்குத்தான் அடுத்த வீட்டு மழைமானி. ஆனால் 'அரசு சாராத தரவு' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்களே, அதற்குள் நாலைந்து வேறு வேறு சரக்கு இருக்கிறது.

முதல் சரக்கு, முன்னறிவிப்பு. செல்போன் செயலிகள், வானிலை நிறுவனங்கள், தனி ஆர்வலர்கள். இதில் நான் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு விஷயம் உண்டு. இரண்டு செயலிகள் ஒரே மாதிரி 'நாளை கனமழை' என்றால் இரண்டு சாட்சி கிடைத்துவிட்டதாகத் தோன்றும். இரண்டுமே ஐரோப்பிய மையத்தின் மாடலையோ அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். மாடலையோ எடுத்து வண்ணம் பூசிக் காட்டிக்கொண்டிருக்கக்கூடும். ஒரே சாட்சி, இரண்டு சட்டை. இன்னொரு வேடிக்கை, அந்த மாடல்களை ஓட்டுவதும் அரசுகள்தான். அமெரிக்க அரசு ஒன்றை, ஐரோப்பிய நாடுகள் கூட்டாக மற்றொன்றை. தனியார் என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி, வேறு நாட்டு அரசாங்கத்தின் கணக்கை வாசித்துச் சொல்வது.

வாசித்துச் சொல்வது சின்ன வேலை என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாடு வெதர்மேன் என்று எல்லோரும் அறிந்த பிரதீப் ஜான் போன்றவர்கள் செய்தது, மேகம் எந்த ஊர்ப் பக்கம் நகர்கிறது என்று மக்கள் பேச்சில் சொன்னது. 'ஓரிரு இடங்களில்' என்ற அலுவலகத் தமிழைக் கேட்டுக் கேட்டு அலுத்தவர்களுக்கு, 'அடுத்த ஒரு மணி நேரம் தாம்பரம் பக்கம் வெளுக்கும்' என்பது காதில் விழும். அதனால் எங்களுக்கு ஒரு தலைவலியும் உண்டு. "வெதர்மேன் ஒண்ணும் இல்லேன்னு போட்டிருக்கார், நீங்க லீவு விட்டுருக்கீங்களே?" என்று 1077-க்கே போன் வரும். பதில் சொல்லிப் பழகிவிட்டது.

எனக்கு உண்மையில் பயன்பட்டது அடுத்த சரக்கு, தரையில் விழுந்த மழையை அளப்பவர்கள்தான். மாடியில் நிலையம் வைத்திருப்பவர்கள், பள்ளிகள், எஸ்டேட்டுகள். ஒவ்வொருவரையும் நேரில் போய்ப் பார்க்காமல் கணக்கில் சேர்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். மேலதிகாரி ஒருவர் "இதுக்கெல்லாம் டி.ஏ. கிடையாது" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வண்டியில் போனேன்.

போனால் தெரியும். ஒரு வீட்டில் கருவிக்கு நேர் மேலே வேப்பங்கிளை. மழை விட்டு அரை மணி நேரமும் 'பெய்து'கொண்டிருக்கும். இன்னொரு வீட்டில் தண்ணீர்த் தொட்டியின் வழிகுழாய் பக்கத்திலேயே. மோட்டாரை நிறுத்த மறந்த நாளெல்லாம் அந்தத் தெருவில் மட்டும் கனமழை. மூன்றாவது வீட்டில் புனலுக்குள் சிலந்தி வலையும் மண்குளவிக் கூடும். அங்கே மழை உள்ளே இறங்காமல் தேங்கி, மறுநாள் வெயிலில் சொட்டுச் சொட்டாக 'பெய்யும்'. என்னிடம் ஒரு லிட்டர் பாட்டில் எப்போதும் இருக்கும். மழைமானியின் வாயை அளந்துகொண்டு, தண்ணீரை மெல்ல, அரை மணி நேரம் எடுத்து ஊற்றுவேன். வாய் 200 சதுர சென்டிமீட்டர் என்றால் ஒரு லிட்டருக்கு 50 மி.மீ. காட்ட வேண்டும். 47, 48 வந்தால் மகிழ்ச்சி. அவசரப்பட்டுக் கொட்டினால் குறைத்துக் காட்டும். உள்ளே ஏற்ற இறக்கப் பலகை மாதிரி ஆடுகிற இரட்டைக் கிண்ணம் ஒரு பக்கம் கவிழ்ந்து மறுபக்கம் திரும்புவதற்குள் கொஞ்சம் தண்ணீர் கணக்கில் சேராமல் போய்விடும். நிஜ மழையிலும் அப்படியே: மழை வெறிபிடித்துக் கொட்டும்போது இந்தக் கருவிகள் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லும். அதனால் 90 என்று பார்த்தால் என் மனம் 100 என்று வாசிக்கும்.

இதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தேன். வீட்டின் அடையாளம், கருவியின் குறை, வீட்டுக்காரரின் குணம். 'சொன்னால் உடனே போய்ப் பார்ப்பார்', 'பத்து மணிக்கு மேல் போன் எடுக்க மாட்டார்', 'மிகைப்படுத்துவார்'. மாறுதல் வந்தபோது அடுத்து வந்தவரிடம் ஒப்படைத்த பொருள்களில் அதுதான் உருப்படியானது.

மலைப்பக்கம் வேலை பார்த்த இரண்டு ஆண்டுகளில் எஸ்டேட் கணக்கின் அருமை தெரிந்தது. தேயிலைத் தோட்டத்துக்கு மழை என்பது வரவு செலவு மாதிரி. தலைமுறை தலைமுறையாக லெட்ஜரில் எழுதுகிறார்கள். காலையில் ரைட்டருக்கு போன் போட்டால் போதும். ஒருநாள் புதிதாக வந்த உதவியாளர் போன் போட்டார்.

"அண்ணே, நேத்து மழை எவ்ளோ?"

"நாலு எண்பது சார்."

அவர் 480 மி.மீ. என்று எழுதி மேலே அனுப்பிவிட்டார். கலெக்டர் அலுவலகம் பதறி எழுந்தது. பழைய எஸ்டேட்டுகளில் மழை இன்னும் அங்குலத்தில்தான். நாலு எண்பது என்றால் 4.80 அங்குலம், சுமார் 122 மி.மீ. அதுவே பெரிய மழைதான். ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவே மண் சரிவதும் சரியாததும் இருக்கிறது.

நான் நோட்டில் எழுதியதைப் பெரிய அளவில், ஒழுங்காகச் செய்தவர்கள் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். வயநாட்டில் கல்பற்றாவிலுள்ள ஹியூம் மையம் விவசாயிகளையும் ஊர்க்காரர்களையும் வைத்து மாவட்டம் முழுக்க இருநூறு அளவில் மழைமானிகளின் வலையை நடத்துகிறது. 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களின் மேல் மலை சரிந்தது. அதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் புத்துமலை அருகே அவர்கள் அளவையில் பதிவானது 572 மி.மீ. 29-ஆம் தேதி காலையிலேயே மாவட்ட நிர்வாகத்துக்குச் சொல்லிவிட்டதாக அந்த மையம் பிறகு தெரிவித்தது. செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கமில்லை. அந்தத் தகவல் வந்து சேரும் மேசையில் நான் உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? மாவட்டம் முழுக்கக் கனமழை. பத்து இடத்திலிருந்து பத்துப் பேர் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதில் இந்த ஒரு எண்ணுக்கு நான் எந்த எடை கொடுத்திருப்பேன்?

கேரளம் இந்த விஷயத்தில் காசு போட்டும் பார்த்தது. 2018, 2019 வெள்ளங்களுக்குப் பிறகு, 2020-இல் ஸ்கைமெட், எர்த் நெட்வொர்க்ஸ், ஐ.பி.எம்.-இன் வெதர் கம்பெனி ஆகிய மூன்று நிறுவனங்களின் சேவையைச் சுமார் 95 லட்சம் ரூபாய்க்கு வாங்க முடிவெடுத்தது. வானிலைத் துறையோடு சேர்த்துப் பார்க்க. வெள்ள நிவாரணத்துக்குச் செலவாகும் கோடிகளுக்கு முன்னால் இது டீக்காசு. ஆனால் காசை விட ஒப்பந்த வாசகம்தான் கண்ணை உறுத்துகிறது. எனக்கு ஒரு நிறுவனம் காட்டிய மாதிரி ஒப்பந்தத்தில், அவர்கள் தரவை வெளியாருக்குப் பகிரக் கூடாது என்றிருந்தது. வி.ஏ.ஓ. வாட்ஸ்அப் குழுவில் போடலாமா என்று கேட்டேன். அது வெளியார்தானா என்று சட்டப் பிரிவைக் கேட்டுச் சொல்வதாகப் போனவர்கள், அந்தப் பருவம் முடியும் வரை திரும்பவில்லை.

இத்தனை ஆண்டுகளில் நான் எனக்கென்று வகுத்துக்கொண்ட வரம்பு ஒன்றுதான். அறிவிப்புக்கு வானிலைத் துறை. ஆயத்தத்துக்கு யார் சொன்னாலும் சரி. 'வெள்ளம் வருகிறது, வெளியேறுங்கள்' என்று மைக்கில் சொல்ல வேண்டுமானால் அதற்குக் கையெழுத்து வேண்டும், அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் ஒரு அரசுத் தாள் வேண்டும். பொய்யானால் அடுத்த முறை ஒருவரும் எழுந்து வர மாட்டார்கள். ஆனால் ஜேசிபியை மேட்டுக்கு நகர்த்த, ஜெனரேட்டருக்கு டீசல் நிரப்ப, தலைமையாசிரியரிடம் பள்ளிச் சாவியை வாங்கி வைக்க, தாசில்தாரை இரண்டு மணிக்கு எழுப்ப யார் உத்தரவும் வேண்டாம். மாடி வீட்டு எண் தவறாகப் போனால் நஷ்டம் தாசில்தாரின் தூக்கம். சரியாக இருந்தால் மூன்று மணி நேரம் கையில் கிடைக்கும். தாசில்தார்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இந்த மாடி வீட்டு மழைமானி வலையில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. சொந்தக் காசில் நிலையம் வைப்பவர் வசதியுள்ளவர். ஆகவே நகரத்தில் தெருவுக்கு ஒன்று, ஏரிக்கு நீர் வரும் காட்டோரத்தில் ஒன்றும் இல்லை. ஃபெஞ்சல் புயலின்போது நான் கண் எடுக்காமல் பார்த்ததெல்லாம் கடற்கரையோரத்துப் புள்ளிகளை. புயல் புதுச்சேரி அருகே கரையேறிய பிறகு, 2024 டிசம்பர் 2 காலைக் கணக்கில், உள்ளே கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. என்று வந்தபோதுதான் தென்பெண்ணை ஆற்றை நினைத்தேன். திரையில் புள்ளி நிறைய இருக்கும் இடத்துக்கே கண் போகும். மாநில அரசு இப்போது 1,400 தானியங்கி மழைமானிகள், 100 தானியங்கி வானிலை நிலையங்கள் என்று சொந்த வலை போட்டிருக்கிறது. காட்டோரத்துக்கு அதுதான் வழி.

இன்னொன்று, மழை வலுத்த இடத்தில்தான் மின்சாரம் முதலில் போகும், கூடவே வைஃபையும். எண் வராத நிலையம்தான் அந்த நேரத்தில் அதிகம் சொல்கிறது. அப்போது நோட்டை எடுத்து நம்பரைத் தேடி போன் போட வேண்டும். எனக்கு மிக நம்பிக்கையான நிலையம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. எழுபதைத் தாண்டியவர். மின்சாரம் போனாலும் தவறக் கூடாதென்று, கருவிக்குப் பக்கத்தில் சாதாரண பிளாஸ்டிக் மழைமானி ஒன்றும் வைத்திருக்கிறார். டார்ச் அடித்துப் படித்துச் சொல்வார். இடி இருக்கும்போது மாடிக்குப் போகச் சொல்லக் கூடாது என்று நோட்டில் அவர் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். அவருக்கு ஏதாவது ஆனால் எந்தக் கோப்பிலும் அவர் பெயர் இல்லை, சம்பளமில்லை, காப்பீடில்லை.

போன நவம்பரில் ஓர் இரவு அவருடைய நிலையம் திரையிலிருந்து மறைந்தது. மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது. போடலாமா வேண்டாமா என்று ஐந்து நிமிடம் யோசித்துவிட்டுப் போட்டேன். அவர் மனைவி எடுத்தார்.

"அவர் மாடியிலதான் சார் நிக்கிறாரு, அரை மணி நேரமா. நீங்களாச்சும் இறங்கி வரச் சொல்லுங்க."