நஞ்சப்பா என்றொரு நல்ல பெயர்

என் பெயர் நஞ்சப்பா. சிரித்து முடித்துவிட்டீர்களா? சரி, மேலே படியுங்கள்.

ஓசூர் பக்கம் இதற்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். முனியப்பா, எல்லப்பா, திம்மப்பா என்று எங்கள் ஊரில் தொட்டில் குழந்தைகூட 'அப்பா'தான். பி.காம். முடித்து சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கிளார்க்காகச் சேர்ந்தேன் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை. முதல் நாளே திருநெல்வேலிக்கார சகா ஒருவர், "நஞ்சுக்கே அப்பாவா? இவரு வாங்கிட்டு வர்ற டீயை எவனும் குடிச்சிராதீங்கடே!" என்றார். அப்புறம் மூன்று வருஷம் கேண்டீனில் என் பெயர் 'பாய்சன்'. வேலையை விட்டேன், பெயர் என்னை விடவில்லை.

போன வருஷம் பையன் பிறந்தான். "நஞ்சுண்டன்னு வைக்கலாம்பா" என்றார் அப்பா.

"நான் பட்டது போதாதா?" என்று வெடித்துவிட்டேன்.

அவர் பதில் பேசவில்லை. "மாமா ரெண்டு நாளா சரியாவே சாப்பிடலைங்க" என்றாள் மனைவி. குற்ற உணர்ச்சியோடு போய், "அந்தப் பேர்ல அப்படி என்னப்பா இருக்கு?" என்றேன்.

"ஒங்க தாத்தாவுக்கு முன்னால பொறந்த மூணும் காய்ச்சல்ல போயிருச்சு. நஞ்சன்கூடு சாமிக்கு வேண்டிக்கிட்டப்புறம்தான் அவரு தங்குனாரு. அதான் நஞ்சப்பா. அந்தப் பேரைத்தான் ஒனக்கு வெச்சேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை.

மைசூருக்குத் தெற்கே, கபினி ஆற்றங்கரையில் இருக்கிறது நஞ்சன்கூடு. நஞ்சுண்டவனின் கூடு. கன்னடத்திலும் 'நஞ்சு' நஞ்சுதான், 'உண்ட' உண்டதுதான்; அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் வார்த்தைகளை நிறுத்தி யாரும் பர்மிட் கேட்பதில்லை! ஆலகாலத்தை விழுங்கிய சிவன் நோயையும் விழுங்குவான் என்று நம்பிக்கை. திப்பு சுல்தானின் யானைக்குக் கண் குணமானதால் அவரே இந்தச் சாமியை 'ஹக்கீம் நஞ்சுண்டா' என்றாராம். ஹக்கீம் என்றால் வைத்தியர். மூன்று வருஷம் கேண்டீனில் கிண்டல் வாங்கியது டாக்டர் பெயர்!

அதற்குள் மனைவி புத்தகம் பார்த்து 'நீலகண்டன்' என்று முடிவு செய்திருந்தாள். அப்பா அர்த்தம் கேட்டார். "விஷம் தொண்டையில நின்னு கழுத்து நீலமாச்சுல்ல, அந்தச் சிவன், மாமா" என்றாள்.

அப்பா சிரித்தார் பாருங்கள், பல்செட் ஆடியது. "அட, நம்மாளுதாம்மா! சட்டை மாத்திக்கிட்டு வந்திருக்கான்."

அப்பா பிறந்தது சேலம் மாவட்டம். 1965-ல் தருமபுரி மாவட்டம் பிரிந்ததால் நான் பிறந்தது தருமபுரி. 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்ததால் பையன் கிருஷ்ணகிரி. மூவரும் பிறந்தது ஒரே வீடு! மாவட்டமே இத்தனை பெயர் மாற்றும்போது, சாமி ஒரு தடவை மாற்றினால் என்ன?

நேற்று ராத்திரி "நஞ்சப்பா..." என்று அப்பா குரல். "என்னப்பா?" என்று ஓடினேன்.

தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "ஒன்னைக் கூப்பிடலைடா, போய்ப் படு" என்றார்.