ஐந்தாவது வாரம்

ஞாயிறு, சுங்கை பூலோ

காலையிலேயே நர்சரிகளில் கார் நிறுத்த இடமில்லை. கிள்ளானிலிருந்து வந்தவர்கள் செம்பருத்திக்கும் துளசிக்கும் பேரம் பேசுகிறார்கள். இந்தச் செடி வியாபாரத்தை வளர்த்தவர்களில் பலர், 1930இல் இங்கே திறக்கப்பட்ட தொழுநோய்க் குடியிருப்பின் மனிதர்கள். நோய் கண்டவரைச் சட்டமே வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த காலம் அது. 2,000 பேருக்கு மேல் வாழ்ந்த பள்ளத்தாக்கு. நீரடிமுத்து எண்ணெயை ஊசியில் ஏற்றினார்கள். வலி தந்த அளவுக்கு அது குணம் தரவில்லை.

திங்கள்

டாப்சோன் என்ற மருந்து வந்த பிறகுதான் வெளியே போகும் வழி தெரிந்தது. விலை குறைந்த மாத்திரை, எத்தனையோ பேரை மீட்டது. 1964இல் பெட்டிட், ரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள், சுங்கை பூலோ நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமியை எலியின் பாதத்தில் வளர்த்து, டாப்சோனுக்கு அடங்காத வகையும் உண்டு என்று நிரூபித்தார்கள். இன்று தொழுநோய்க்கு டாப்சோனைத் தனியாகக் கொடுப்பதில்லை. கூட்டு மருந்தில் அது இன்னும் இருக்கிறது.

புதன்

அதே மாத்திரை சிலருக்கு எமனாகிறது. பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது, ஆறாவது வாரத்தில். முதலில் காய்ச்சல், உடலெங்கும் தடிப்பு, கழுத்தில் நெறி கட்டுதல். பிறகு கண் மஞ்சளாகிறது, கல்லீரல் வீங்குகிறது. முன்பு இந்தியாவில் பணியாற்றிய மருத்துவர் ஜான் லோ, ஸ்மித்துடன் சேர்ந்து 1949இலேயே நைஜீரியாவிலிருந்து இதை எழுதினார். இந்த நிலைக்குப் போனவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இறக்கிறார்.

காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வந்தால் நம் வீடுகளில் என்ன சொல்வார்கள்? அம்மை போட்டிருக்கிறது என்பார்கள். வேப்பிலை வந்துவிடும், மாத்திரையும் வேளை தவறாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும். அந்த ஒழுங்குதான் இங்கே ஆபத்து. தொழுநோயிலேயே இடையில் வரும் காய்ச்சலும் வீக்கமும் உண்டு என்பதால் நோயாளியும் பொறுத்துக்கொள்கிறார். பொறுக்கக் கூடாது. அன்றே மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வியாழன்

இந்த ஒவ்வாமை யாருக்கு வரக்கூடும் என்பதை இப்போது ரத்தத்திலேயே பார்க்கலாம். எச்எல்ஏ-பி*13:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கே ஆபத்து மிக அதிகம் என்று 2013இல் சீன ஆய்வாளர்கள் கண்டார்கள். சீனர்களிடமும் இந்தியர்களிடமும் காணப்படும் வகை அது. மலேசியாவுக்கு இது அந்நியமான செய்தியல்ல. பிறகு சீனாவில் முன்கூட்டியே சோதித்து, அந்த வகை இல்லாத 1,251 நோயாளிகளுக்கு மட்டும் டாப்சோன் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான கணக்குப்படி 13 பேருக்காவது ஒவ்வாமை வந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் வரவில்லை. மாற்று மருந்துகள் இருக்கும்போது, முதல் மாத்திரைக்கு முன்பே இந்தச் சோதனையைக் கேட்பதில் தவறே இல்லை.

வெள்ளி

ஒருமுறை இந்த ஒவ்வாமையிலிருந்து தப்பியவர் ஆயுள் முழுக்க டாப்சோனைத் தொடக் கூடாது. மருந்தின் பெயர் எழுதிய ஒவ்வாமை அட்டை ஐ.சி.யோடு பர்ஸிலேயே இருக்கட்டும். தொழுநோய் அல்லாத வேறு சில தோல் நோய்களுக்கும் இதைக் கொடுக்கிறார்கள். அடுத்த முறை எழுதித் தருபவர் வேறு கிளினிக்கில், இவரை அன்றுதான் முதல்முறை பார்க்கும் டாக்டராக இருக்கலாம்.